மிட்சுயோ எடுக்க மறந்த பலகை

மிட்சுயோ தன் வாசல் பலகையை எடுக்காமல் விட்டதால்தான் குரிமோட்டோவின் பாய்க்கடைக்குள் தண்ணீர் புகுந்ததாம். தபால்காரர் சொன்னதாக மிசோ விழுது விற்கும் கடைக்காரம்மா சொன்னார். என் காதுக்கு வரும்போது, வளர்க்கும் கெண்டைகளுக்காக வேண்டுமென்றே விட்டாராம் என்றும் சேர்ந்திருந்தது. மிட்சுயோவிடம் மீனே கிடையாது.

எங்கள் சந்தில் எல்லா வீட்டு வாசலிலும் கல் ஓடை ஓடுகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் குறுக்கே பலகையைச் செருகுவோம், மட்டம் ஏறும். கீரை அலசலாம், குளிர்காலத்தில் பனியைத் தள்ளிக் கரைக்கலாம், தீப்பிடித்தால் வாளியில் மொள்ளலாம். மழை வலுத்தால் பலகையை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கரை மீறிப் பள்ளத்து வீடுகளுக்குள் புகும். ஆளில்லாத வீட்டுப் பலகையை அக்கம்பக்கத்தார் உருவுவார்கள். மேட்டில் முடி வெட்டும் கடை வைத்திருக்கும் மிட்சுயோவிடம்தான் ஓடைப் பொறுப்பு இருக்கிறது.

ஓடைத் தண்ணீரின் ஓட்டத்தை இங்கே ‘நாகரே’ என்பார்கள். சீப்பை வைத்ததும் மிட்சுயோ தேடுகிற முடியின் போக்கும் நாகரேதான். கூட்டத்தில் பேச்சு சாய்கிற பக்கத்துக்கும் அதே பெயர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது அவருக்கு எதிராகத்தான் போகும் போலிருந்தது. பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று குரிமோட்டோ வீடு வீடாகச் சொல்லி வந்தார்.

சனிக்கிழமை நான் முடி வெட்ட உட்கார்ந்திருந்தபோது குரிமோட்டோவே வந்து நின்றார்.

“தலைக்கு மேல வேலை இருக்கறவங்களுக்கு ஓடை எதுக்குங்க?”

“உங்க தலையில எனக்கு அந்த வேலையும் இல்லையே. உள்ள வாங்க,” என்றார் மிட்சுயோ.

குரிமோட்டோ வழுக்கையைத் தடவிக்கொண்டார். சிரிக்கவில்லை. “அன்னிக்கு உங்க பலகை ஓடைக்குள்ளதானே இருந்தது?”

“இருந்தது. மறந்துட்டேன். தப்புதான்.”

“நாளைக்குக் கூட்டத்துல பேசிக்கலாம். இப்ப தகாயாமா டவுனுக்குப் பாய் கொண்டு போறேன்.” வண்டி கிளம்பியது.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைய மழையில் மிட்சுயோ ஒவ்வொரு வாசலாகக் குனிந்து, என் பலகையையும் உருவிப் போட்டுவிட்டு, சந்தின் கோடிவரை ஓடியதை ஜன்னலிலிருந்து பார்த்தவன் நான். ஊரார் பலகையை எல்லாம் எடுத்தவர் தன்னுடையதைத்தான் மறந்திருந்தார்.

“அதைச் சொல்லியிருக்கலாமே, மிட்சுயோ சான்?”

“சொன்னா அவர் பாய் காய்ஞ்சிடுமா? தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்.”

“நாளைக்கு நான் சொல்லுவேன்.”

“முதல்ல காதோட வீட்டுக்குப் போங்க.”

தகரக் கூரையில் மழை தடதடவென்று விழுந்தது. கத்தரிக்கோலை வைத்தார். இந்த முறை முதலில் தன் பலகையை உருவிச் சுவரில் சாய்த்தார். பிறகு மேலங்கியோடு அப்படியே கீழே இறங்கி ஓடினார். பாய்க்கடை வாசலில் அவர் மண்டியிடுவது கண்ணாடியில் தெரிந்தது. குரிமோட்டோ உருவாமல் விட்டுப்போன பலகை ஊறிப்போய் எளிதில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தார்.

சீப்புகளுக்கு நடுவே அவருடைய செல்போன் அதிரத் தொடங்கியது. திரையில் குரிமோட்டோவின் பெயர். பாதி வெட்டிய தலையோடு வாசலுக்குப் போய்க் கத்தினேன். மழையில் அவருக்குக் கேட்கவில்லை. பலகை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. உள்ளே போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.