முதல் நட்சத்திரமும் எங்கள் தெரு மின்சாரமும்

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் நடமாட்டமில்லாத மலைப்பக்கம் ஆன்டெனா நட்டு நாங்கள் எடுத்த அளவீட்டில், வளைகோட்டின் நடுவே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பேரண்டத்தின் முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியபோது சுற்றியிருந்த ஹைட்ரஜன் வாயுவில் பதிந்த தடம் இப்படித்தான் தெரியும் என்பது கணக்கு. அந்த வாயுவிலிருந்து கிளம்பி வழியெல்லாம் நீண்டு நீண்டு வந்த ரேடியோ அலை, இன்று எஃப்.எம். ரேடியோ அலைவரிசைக்குச் சற்றுக் கீழே கிடைக்கும். எங்கள் பள்ளமும் அங்கேதான் இருந்தது.

அது வானத்திலிருந்து வந்ததா, எங்கள் ரிசீவர் பெட்டியே கிளப்பிவிட்டதா? திங்கட்கிழமை எங்கள் ஆய்வுக் குழுவின் முன்னால் நான் பதில் சொல்லவேண்டும். அதைச் சோதிக்கத் தேவையான, வெளி அலை நுழையாத அறை, வேறு ஊரிலுள்ள ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்திருந்தேன். ஆய்வகம் திரும்பும்வரை பொறுக்க முடியாமல் பெட்டியையும் தூக்கி வந்திருந்தேன்.

சோதனை எளிதானது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டவேண்டும். வானமே இல்லாதபோதும் பள்ளம் விழுந்தால் கோளாறு பெட்டியில். ஆனால் தெருவிலுள்ள எல்.இ.டி. பல்பு, சார்ஜர், மோட்டார் எல்லாம் சேர்ந்து போட்ட இரைச்சல் பெட்டிக்குள் கசிந்து திரையை நாறடித்தது. எரிச்சல் தாங்காமல், இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறதென்று பார்க்கக் கையடக்க ஆன்டெனாவுடன் மொட்டை வெயிலில் கிளம்பினேன். கெஞ்சிக் கேட்டால் கொஞ்ச நேரம் அணைக்கமாட்டார்களா?

எதிர்வீட்டு அக்கா, வீட்டுக் கனெக்‌ஷனிலேயே தையல் கடை நடத்துபவர். தன் மீட்டர் பெட்டி முன்னால் நான் நிற்பதைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

"இன்னாம்மே இது? கவர்மென்ட் வேலன்னு சொல்லிகினு ஈபிக்கு ஆள் காட்டிகினு திரியிறியா?"

"ஐயோ அக்கா, நான் நட்சத்திரம் பாக்குறவ."

"நட்சத்திரம் இன்னா மீட்டர் பொட்டியிலயா கீது?"

நான் வாய் திறப்பதற்குள் தெருக்கோடிவரை குரல் கொடுத்துவிட்டார்: "ஈபி செக்கிங்கு! எல்லாத்தையும் அமுக்குங்க!"

ஃபேன்கள் நின்றன. தண்ணீர் மோட்டார் நின்றது. முனையிலிருந்த வெல்டிங் கடை ஷட்டரை இறக்கியது. நான் விளக்கம் சொல்ல நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, எங்கள் மெயினையும் இறக்கினேன். "ஃபேன இன்னாத்துக்குடி நிறுத்தன?" என்று கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா கத்தினார்.

பெட்டி பேட்டரியில் ஓடியது. திரையில் இரைச்சல் வடிந்து கோடு வழவழப்பானது. நடுவே அந்தப் பள்ளம், ஆன்டெனா இல்லாமலே, அதே இடத்தில். இணைப்பை இறுக்கினேன், கேபிளை மாற்றினேன், மறுபடி ஓட்டினேன். அது அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

வாசலில் அக்கா வியர்த்து வழிய நின்றார். "எங்க வூட்ட எழுதிட்டியா?"

"இல்லக்கா. உங்க மேல ஒண்ணுமில்ல. என் பொட்டியிலதான் கோளாறு."

அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. "போடுங்கப்பா, ஒண்ணுமில்லியாம்!" என்று தெருவைப் பார்த்துக் கூவினார்.

திங்கட்கிழமைவரை நான் சும்மா இருந்திருக்கலாம். குழுவில் எல்லோரும் இன்னும் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்திருப்பார்கள். என்னால் முடியவில்லை. மெயினைப் போடுவதற்கு முன்பே குழுத்தலைவரைப் போனில் கூப்பிட்டு, "சார், அது வானம் இல்லை" என்றேன்.