தங்கம் கொடுத்து வாங்கிய மொஹிங்கா

முதல் நாள்

லத்தா பேட்டையில் தங்கக் கார்டு ஆபீஸ் திறந்தபோது, தங்கம் உரசிப் பார்க்க என்னை எடுத்தார்கள். அதற்கு முன் அதே தெருவில் ஒரு நகைக்கடையில் எனக்கு அதே வேலை. திட்டம் இதுதான்: ஜனங்கள் நகையைக் கொண்டுவருவார்கள். நான் உரசி, எடை போட்டு, கிராமைக் கார்டில் ஏற்றுவேன். நகை உருக்கப் போய்விடும். அவர்கள் கார்டைத் தேய்த்து அரிசி பருப்பு வாங்கலாம். அரசாங்க உத்தரவாதம் என்று வாசலில் பேனர்.

திறந்து வைக்க வந்த அதிகாரி, கேமரா முன்னால் எதிர்க்கடை மா தீடாவிடம் ஒரு கிண்ணம் மொஹிங்கா வாங்கிக் கார்டைத் தேய்த்தார். 'தொகை மிகவும் சிறியது' என்றது மெஷின். மீன் குழம்பு ஊற்றிய ஒரு கிண்ணம் நூடுல்ஸ், தங்கக் கணக்கில் தூசிக்கும் கம்மி.

"இன்னும் வாங்குங்க, ஏறும்," என்றாள் தீடா.

அண்டா காலியாகும் நேரத்தில்தான் மெஷின் பீப் அடித்தது. ஆபீஸ் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதிகாரி கைதட்டினார். வாயில் நூடுல்ஸோடு நாங்களும் தட்டினோம்.

பிறகு எங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு கார்டிலேயே வந்தது. அந்தத் தெருவில் மெஷின் வைத்திருந்தது தீடா மட்டும்தான். தினமும் கூட்டமாகப் போய் அங்கேயே தின்றோம். அவள் கணக்கில் தங்கம் ஏறியது. அதைக் கொண்டு அவளால் மீன் வாங்க முடியவில்லை. மீன்காரி காசுதான் கேட்டாள்.

பார்வதியம்மாவின் சங்கிலி

கியாக்தானிலிருந்து பஸ்ஸில் வந்தார் பார்வதியம்மா. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த சங்கிலியை, திருட்டுக்குப் பயந்து எங்களிடம் கார்டில் ஏற்றியிருந்தவர்.

"அண்ணே, சங்கிலியக் குடுங்க. கல்யாணம் வந்துருச்சு."

"அது உருகிப்போச்சும்மா. இப்ப கணக்குலதான் இருக்கு."

"அப்ப அந்த எடைக்குத் தங்கமாக் குடுங்க."

நாங்கள் சயா என்று கூப்பிடும் மேனேஜர் எழுந்து வந்தார். "கட்டியாத்தான் குடுப்போம். சின்னக் கட்டிக்குக்கூட உங்க கணக்குல பத்தாது. செலவு பண்ணுங்களேன், எதிர்ல மொஹிங்கா நல்லா இருக்கும்."

"எம்பொண்ணு கழுத்துல மொஹிங்காவையா கட்டுறது?" என்று கேட்டார் அந்த அம்மா.

சயா டீ குடிக்கப் போய்விட்டார். அந்தச் சங்கிலியை உரசி வாங்கியவன் நான். அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. தீடாவிடம் கூட்டிப்போனேன். அவள் கணக்கும் கட்டிக்குப் பத்தாமல்தான் கிடந்தது. இரண்டையும் சேர்த்தால் பத்தும். ஆனால் ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாற்ற வழி கிடையாது. வாங்கினால்தான் தங்கம் நகரும்.

"அப்ப அக்கா எங்கிட்ட மொஹிங்கா வாங்கட்டும்," என்றாள் தீடா.

பார்வதியம்மாவின் கை கார்டை விடவில்லை. முன்பின் தெரியாத பெண், எப்படி நம்புவது? தீடா தன் வளையல்களைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். "கட்டி வர்ற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

கார்டைத் தேய்த்தார். கணக்கு மொத்தமும் மொஹிங்காவுக்கு; முதல் தடவையிலேயே பீப். தீடா கட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். கட்டி வந்ததும் என் பழைய நகைக்கடையில் வெட்டி, எடை போட்டுப் பிரித்தோம். பார்வதியம்மா பங்கில் அங்கேயே சங்கிலி செய்து கொடுத்தார்கள். பெண் அதைப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள்.

அடுத்த கூட்டத்தில் சயாவுக்கு ஒரே பூரிப்பு. "ஒரு அம்மா, ஒரே தடவையில எவ்வளவு மொஹிங்கா வாங்கியிருக்காங்க பாருங்க! ஜனங்க தங்கத்துல வாழப் பழகிட்டாங்க!" அறிக்கை மேலே போனது. சயாவுக்குப் பதவி உயர்வு வந்தது. நாங்கள் மறுபடியும் கைதட்டினோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உள்ளே போடுவது எப்படி என்பதைப் பேனர் கட்டுகிறவர்களே விளக்கிவிடுவார்கள். வெளியே எடுப்பது எப்படி என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். நகை உருகுவதற்கு முன்னால் கேளுங்கள்.