விசிறியில் சுற்றியிருந்த முடி

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். அக்கா எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா என்றால் பெரியம்மா மகள். ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய தலை. அதனால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் ‘கிராப்பு’. வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற கையும் அவளுடையதுதான். அத்தானிடம் பல்பை மாற்றச் சொன்னாலே அவருக்கு வியர்த்துவிடும். ஆனால் அவருடைய குரல் இருக்கிறதே, அது தேன். கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவர் தொழில். புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டில் உள்ளறை மூலையில் மேசை போட்டு, கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்துக்கொண்டார். பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான். அக்கா காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள்.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே பதிவுகள் திரும்பி வர ஆரம்பித்தன. பின்னணியில் ஏதோ சத்தம் வருகிறதாம். அக்கா ஹெட்போனை மாட்டிக் கேட்டாள்.

சரக்... சரக்... சரக்...

“கம்ப்யூட்டர் ஃபேன்ல ஏதாவது ஒயர் உரசும். ஞாயித்துக்கிழமை பாக்கறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியை, அதாவது கேபினெட்டைத் திறந்தாள். ஒயர் எதுவும் உரசவில்லை. ஆனால் முன்பக்க விசிறி, அதாவது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற விசிறி, அதன் தண்டில் என்னவோ நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. நகத்தால் நெம்பி உருவினாள். வந்துகொண்டே இருந்தது.

முடி. முழ நீளத்துக்கு மேல். கறுப்பு. லேசான சுருள்.

அக்காவின் முடி விரலில் பிடிக்கக்கூட வராது. அத்தானுக்கும் அப்படி ஒன்றும் நீளம் இல்லை. வேலைக்கு ஆள் வைக்கவில்லை. விருந்தாளி என்று ஒருவரும் வந்ததில்லை.

“ஏங்க, இது யாரு முடி?”

“செகண்ட் ஹேண்ட் கேபினெட்தானே. பழைய ஆளுதா இருக்கும்.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அதுதான் அக்காவுக்கு உறுத்தியது. அந்தக் கேபினெட்டை வாங்கியபோது துடைத்துப் பளபளவென்று ஆக்கியவளே அவள்தான்.

சத்தத்தை முதலில் தீர்ப்போம் என்று எல்லா விசிறியையும் மாற்றினாள். சத்தமே போடாத புது விசிறிகள். சுழலுகிற ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, சுழலாத எஸ்.எஸ்.டி. போட்டாள். காற்று நுழைகிற இடத்தில் மெல்லிய வலையும் ஒட்டினாள். இனி அந்தப் பெட்டிக்குள் உரசுவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த பதிவைக் கேட்டாள்.

சரக்... சரக்... முன்னைவிடத் தெளிவாக இருந்தது. மற்ற இரைச்சல் எல்லாம் போய்விட்டதே.

மறுபடி திறந்தாள். வலை கிழியவில்லை. அவள் கையால் உறை பிரித்து மாட்டிய விசிறி. அதில் முடி.

ஊசி நுழைகிற இடம் கிடைத்தால் போதும், சந்தேகம் ஒட்டகத்தையே உள்ளே ஓட்டிவிடும். கழுவிக் கவிழ்த்த தம்ளர் ஒன்றா இரண்டா என்று பார்த்தாள். துண்டை முகர்ந்தாள். வேலை நடுவில் போன் செய்தாள். அத்தான் தாமதமாக எடுத்தார். தூங்கி எழுந்தவர் மாதிரி குழைந்த குரல்.

“தூங்கினீங்களா?”

“இல்லையே... சும்மா உக்காந்திருக்கேன்.”

எதிர்வீட்டு அம்மாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தாள். “பகல்ல யாராச்சும் வராங்களா?”

“உங்க வீட்டுக்கா? ஈ காக்கா வராதும்மா.”

அதுவும் அவளுக்கு நிம்மதி தரவில்லை. அன்று இரவே கேட்டுப் பார்த்தாள்.

“மேசையை ஹாலுக்கு மாத்திடலாமா?”

“வேண்டாம்.” பட்டென்று வந்தது பதில். “அந்த மூலைலதான் எனக்கு நல்லா வருது.”

“எது நல்லா வருது?”

கொஞ்சம் தயங்கினார். “குரல்.”

அந்த வாரமே கம்ப்யூட்டர் செத்துப்போனது. பட்டனை அழுத்தினால் உயிர் இல்லை. பவர் சப்ளைதான் போயிருக்கும் என்று அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் சீலைக் கிழித்து மூடியைத் திறந்தார். திறந்தவர் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே காயில்களுக்கு நடுவில் கொத்தாக முடி. கருகிய நாற்றம்.

“முன்னாடி யாராவது தொறந்தாங்களா?”

“நீங்கதானே இப்ப சீலைக் கிழிச்சீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “இது காத்தை இழுக்கற சாமான்மா. ரூம்ல என்ன இருக்கோ அதத்தான் உள்ள இழுக்கும்.” பிறகு அவளுடைய தலையைப் பார்த்தார். “வீட்ல யாருக்கு இவ்ளோ முடி?”

அக்கா புது பவர் சப்ளையை வாங்கிக்கொண்டாள். பழையதில் இருந்த முடியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி வருகிறாள். அவ்வளவுதான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அத்தான் ஒரு பதிவுக்காக வெளியே போன நாளில், சொல்லாமல் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். நல்ல வெயில் நேரம். வாசல் கதவை உள்ளே தாழிட்டாள். அவர் இல்லாதது தெரியாமல், சாவி வைத்திருக்கிற அவள் வந்து கதவைத் தட்டட்டும் என்று எண்ணம். காத்திருக்கும் நேரத்தில் வேலையை முடிக்கலாம் என்று மேசை ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

கேபினெட் முன்னால் படுத்துக் கிடந்தது. பக்கப் பலகை கழற்றியாயிற்று. பிளக் சுவரிலிருந்து உருவிக் கிடந்தது. மதர்போர்டில் பெரிய ஒயரைச் செருகி அழுத்தினாள். ‘டிக்’ என்று உட்கார்ந்தது.

சரக்...

அக்காவின் கை நின்றது.

பெட்டியைப் பார்த்தாள். விசிறிகள் அசையாமல் நின்றன. கரண்டே இல்லையே.

சரக்... சரக்...

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. மேலே இருந்து வந்தது. அத்தானின் நாற்காலிப் பக்கம்.

“யாரு?”

சத்தம் நின்றது.

நாற்காலி மெல்ல உருண்டது. மெத்தை அமுங்கவில்லை. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் நின்ற எதுவோ... அதை ஒதுக்கிவிட்டு முன்னால் வருகிறது.

அக்கா எழப் பார்த்தாள்.

பிடரியில் என்னவோ பட்டது.

பற்கள்.

சீப்பின் பற்கள்.

மெதுவாக மேலே ஏறின... தேடித் தேடி...

நின்றன.

காதோரத்தில் ஒரு மூச்சு.

“ச்சு...”

ஆசையாகத் தூக்க வந்த குழந்தைக்கு மொட்டை அடித்திருப்பதைப் பார்த்தால் பெண்கள் உச்சுக் கொட்டுவார்களே. அதே ‘ச்சு’.

எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, செருப்பில்லாமல், தெருவில் நின்றிருந்தாள். அத்தான் திரும்பி வரும்வரை உள்ளே போகவில்லை. வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். முடி, சீப்பு, தம்ளர், துண்டு, போன், தான் சந்தேகப்பட்டது, எல்லாம்.

“மன்னிச்சுக்கோங்க. உங்களப் போய் தப்பா நினைச்சுட்டேன்.”

“பரவால்ல” என்றார். தலை குனிந்திருந்தது. “வீட்டை மாத்திடலாம்.”

ஆள் வைத்துச் சாமான்களை ஏற்றினார்கள். வேறு தெருவில் வேறு வீடு. அங்கே அதே கம்ப்யூட்டர், அதே விசிறிகள். பதிவில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. விசிறியில் தூசியைத் தவிர வேறெதுவும் இல்லை.

பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்க இருவரும் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் இல்லை. அவருடைய தங்கை கதவைத் திறந்தாள். அந்தப் புழுக்கத்திலும் காது வரை இழுத்துவிட்ட குல்லா.

“ஏன் அவசரமா காலி பண்ணிட்டீங்க?”

“சும்மாதான்...” என்றாள் அக்கா.

அந்தப் பெண் அக்காவின் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தாள். “உள்ரூம்ல மேசையை எங்க போட்டிருந்தீங்க?”

“சன்னலுக்கு எதிர் மூலைல.”

அவள் குல்லாவைக் கழற்றினாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

“நான் அங்க உக்காந்துதான் துணி தைப்பேன். அப்ப எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. லேசா சுருட்டை. தைக்கும்போது பின்னாலேர்ந்து யாரோ தலை வாரிவிடற மாதிரி இருக்கும். பயமே வராது. கண்ணு சொக்கும். ஒரு வருஷத்துல இப்படி ஆயிடுச்சு. டாக்டருங்க நோய் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அண்ணன்கிட்ட சொன்னா சிரிச்சுட்டு வீட்டை வாடகைக்கு விட்டுட்டாரு.”

அக்கா கேட்டாள். “கொட்டின முடியெல்லாம்...?”

“அதான் எனக்கும் புரியல. ஒரு முடிகூடத் தரைல கிடந்ததில்ல.”

கைப்பைக்குள் அந்தப் பிளாஸ்டிக் உறை இருந்தது. அக்கா பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் அத்தான் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கும் வாரிவிட்டுச்சா?”

“இவருக்கா?” அக்கா அவசரமாகக் குறுக்கிட்டாள். “இவருக்கு ஒண்ணுமே...”

“தினமும்” என்றார் அத்தான்.

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த அந்த வீட்டுச் சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.