இரண்டாவது குரல்

எங்கள் கல்லூரிப் பெண்கள் ரக்பி லீக் அணியில் ஃபுல் பேக் இடம் எனக்குத்தான் என்று நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். கோச் இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் பின்னால் நின்று, எதிரணி வானத்துக்கு உதைத்து அனுப்பும் பந்தைப் பிடிக்க வேண்டியவள் ஃபுல் பேக்.

அதைச் சொல்லித்தர, சேலத்தில் கால்பந்து ஆடும் கோல்கீப்பர் ஒருத்தியை கோச் வரவழைத்தார். முழங்காலை உயர்த்தி எகிறி, பந்தை உச்சியிலேயே வாங்கிக் காட்டினாள். பிறகு கோச் போனில், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து வீடியோக்களைப் போட்டார். அதில் பந்தை அண்ணாந்து பார்த்தபடி ஓடுகிறவனுக்கு, உடன் ஆடுகிறவன் குரலால் வழி சொல்கிறான். குரல் வந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, முதல் குரலுக்கே கட்டுப்பட வேண்டும் என்றார் கோச்.

இங்கேதான் வந்தது வினை. அதே இடத்துக்கு என்னோடு போட்டியிட்டவள் மல்லசமுத்திரம் பக்கத்துக்காரி, வீடு தோட்டத்துக்குள். யார் கூப்பிட்டாலும் முதல் தடவை திரும்ப மாட்டாள். ஆளில்லாத காட்டில் ஒரு தடவை கேட்கும் குரல் மனுஷக் குரலாக இருக்க வேண்டியதில்லை, மனுஷர் என்றால் இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் பந்தைப் பிடிக்க ஓடிய நான் "எனக்கு" என்று கத்தியும் அவள் விலகவில்லை. மோதியதில் என் உதடு கிழிந்து இரண்டு தையல். பேய்க்குப் பயந்தவளுக்குப் பந்து எதற்கு என்று எல்லோர் முன்னிலும் கேட்டேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் அணியில் இடமில்லை என்று கோச் அவளிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தன் தோட்டத்துக்கு வந்து, முதல் குரலுக்கே கட்டுப்படத் தன்னைப் பழக்கிவிடச் சொல்லி அவளே கேட்டாள். போனேன். தேர்வு ஆட்டம் மதியத்தில் என்பதால், கடலை பிடுங்கிய காட்டில் உச்சிப் பொழுதில் ஆரம்பித்தோம். ஒரு மூலையில் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு இருந்தது. அந்தப் பக்கம் போகாதே என்று முதலிலேயே காட்டினாள். எப்படி என்று காட்ட முதல் முறை என்னுடையது. அவள் உதைத்துக் குரல் கொடுக்க, நான் பிடிக்க, ஏழெட்டுப் பந்துக்குப் பிறகு எனக்குத் திசையே மறந்துவிட்டது. காற்று நின்றிருந்தது. ஒரு காக்கைகூட இல்லை.

அடுத்த பந்து மிக உயரமாகப் போனது. வெயிலில் கண் கூச, அண்ணாந்தபடி பின்னால் ஓடினேன்.

"இன்னும் பின்னால வா."

அவள் குரல்தான். பழகிய கால்கள் இரண்டடி வைத்துவிட்டன. அதற்குள் எனக்குள் குறும்பு எழுந்தது. இவளைப் போலவே நானும் இரண்டாவது குரலுக்குக் காத்திருந்து காட்டுகிறேன் என்று வேண்டுமென்றே நின்றேன்.

இரண்டாவது குரல் வரவில்லை. பந்து என் தலையைத் தாண்டிப் போனது. தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து, ஆழத்தில், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பினேன். என் குதிகாலுக்குப் பின்னால் ஒரு முழம் மண் இருந்தது. அதற்கப்புறம் கிணறு.

குரல் எனக்குப் பின்னால், கிணற்றுப் பக்கமிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அவளோ எதிர்ப்பக்கம், பந்தை உதைத்த இடத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். நான் கிணற்றை நோக்கிப் போவதைப் பார்த்ததும் அவளுக்கு வாயே திறக்கவில்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஒருக்காத்தான் கூப்ட்டுச்சா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

தேர்வு ஆட்டத்துக்குள் அவள் முதல் குரலுக்கே விலகப் பழகிவிட்டாள். அன்று பந்து மேலே போனதும் எனக்குப் பின்னாலிருந்து "எனக்கு" என்றாள். நான் விலகவில்லை. அவள் மறுபடி கத்துவதற்குள் பந்து எங்கள் நடுவில் விழுந்தது. கோச் என்னை வெளியே உட்கார வைத்தார், ஃபுல் பேக் இடம் அவளுக்குப் போனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் அயோத்தியாப்பட்டணம் வீட்டில், சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டால் இப்போதும் இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் கூப்பிடுவாள்.