காற்றாலைக்குப் பூ கேட்டது

இளைப்பு உள்ள குழந்தைக்குக் கடற்காற்று நல்லதா, கெட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தர்மபுரியில் எங்கள் மகளைப் பார்த்த ஒரு டாக்டர் நல்லது என்றார். இன்னொருவர் ஈரக்காற்று ஆகவே ஆகாது என்றார். இருவரும் எழுதிக் கொடுத்தது ஒரே மருந்து.

இதைக் கேட்க வேண்டி வந்தது அரசாங்கத்தால். மொரப்பூரில் குடியிருக்கிறோம். என் கணவர் மின்சார ஆபீசில் இளநிலைப் பொறியாளர். தெற்கே கடலோரத்தில் அரசு தன் செலவில் காற்றாலைகள் நிறுத்தி மின்சாரம் எடுத்துப் பார்க்கப் போவதாகவும், அங்கே போக விரும்புகிறவர்கள் எழுதித் தரலாம் என்றும் சுற்றறிக்கை வந்தது. குவார்ட்டர்ஸ் உண்டு. அவர் அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். துவைக்கும்போது நான் எடுத்து வைப்பேன்.

மாமியாருக்கு விளக்கிப் பார்த்தார்.

“காத்துலயே கரண்டு எடுக்கலாம்மா. பின்னால கடலுக்குள்ளயே நட்டாலும் நடுவாங்க.”

“நம்ம வூட்டு ஃபேனுக்கே கரண்டக் காணோம். இவன் கடலுக்குள்ள போயி ஃபேன் நடறானாம்” என்றார் மாமியார், என்னைப் பார்த்து. நான் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினேன்.

கடைசியில் அம்மனிடம் பூ கேட்பதென்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் போகலாம். சிவப்பு என்றால் வேண்டாம். அவருக்கு ஆபீஸ் இருந்ததால் நான் போனேன். அந்த நேரத்தில் கோயிலில் இருந்த ஒரே குழந்தை எங்கள் மகள்.

அவள் இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா வெச்சுப் பாக்கலாமுங்க” என்றார் பூசாரி. இரண்டாம் முறை பொட்டலங்களை விட்டுவிட்டு வாழைப்பழத்தை எடுத்தாள்.

“பாப்பாவுக்குப் பசிங்க. இதுல சாமியக் குத்தம் சொல்ல முடியாதுங்க. நாளைக்கு வாங்க.”

ஆனால் மறுநாள் காலையிலேயே என் கணவர் பதில் எழுதித் தர வேண்டும்.

“என்ன வந்துச்சு?” என்று அன்று சாயங்காலம் கேட்டார். என் தோளில் மகள் இளைத்துக்கொண்டிருந்தாள்.

“சிவப்புங்க” என்றேன்.

அவர் விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் ஆகிறது. மகளுக்கு இங்கேயும் மார்கழி தவறாமல் இளைப்பு வருகிறது. கடலோரக் காற்றாலைகளின் படம் பத்திரிகையில் வந்தபோது அவர் அதைக் கத்தரித்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

போன வாரம் இன்னொரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. அரசு மேலும் காற்றாலைகள் நிறுத்தப் போகிறதாம். போக விரும்புகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டும்.

“எழுதிக் குடுங்களேன்” என்றேன்.

“அம்மன் ஒருக்கா வேணாம்னு சொன்னாப் போதாதா? பின்பக்கம் காலியாத்தான் இருக்குது, பாப்பா கிறுக்கட்டும்” என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் அவர் விண்ணப்பிப்பார். இதுவரை அம்மன் மேல் இருந்த வருத்தம் என் மேல் திரும்பும். மகளுக்கு அங்கே இளைப்பு அதிகமானால் அதுவும் நான் சொன்னதால்தான். சொல்லாவிட்டால் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? மாதக் கடைசிக்குள் எழுதுங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களை அவர்தான் பிரிப்பார் என்பதால், தயவுசெய்து இந்தப் பத்திரிகையின் முகவரிக்கே எழுதுங்கள்.