சொல்லாமல் விட்ட மாத்திரை

கண்ணாடிக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். ஆளுயரக் கண்ணாடியை ஒரு முனையில் அவரும் மறுமுனையில் மனைவியின் தம்பியும் பிடித்துப் படியேறினால், நாலு கால் கொண்ட ஒரே ஆள் நடப்பது போலிருக்கும். "மாமா மூச்சு விட்டா போதும், எந்தப் பக்கம் திரும்பணும்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்று பீற்றிக்கொள்வான் மச்சினன்.

அப்படிப்பட்ட மனுஷருக்குத் திடீரென்று எதிலும் பிடிப்பில்லாமல் போனது. சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்து செருப்பை மாட்டுவதே மலையாகத் தெரிந்தது. மனைவி விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"இந்த மாத்திரை போடுற வரைக்கும் குடிக்காதீங்க" என்றார் டாக்டர். "ரெண்டும் சேர்ந்தா தலை மந்தமாயிடும். கை கால் சொன்ன பேச்சு கேக்காது. நீங்க கண்ணாடி தூக்குறவர், ஞாபகம் வெச்சுக்குங்க."

மாத்திரை கேட்டது. மெல்லப் பசி திரும்பியது, பழைய கிண்டலும் திரும்பியது. ஆனால் தம்பியிடம் மூச்சு விடக் கூடாது என்று மனைவியின் வாயைக் கட்டிவிட்டார். மனசுக்கு மருந்து சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் மச்சினன் ஒரு மாதிரி பார்ப்பானே என்ற கூச்சம்.

ஒரு துணிக்கடையில் வேலை முடிந்த மதியம், மச்சினன் பீர் வாங்கி வந்தான்.

"மாமா, வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வேண்டாம் என்றால் ஏன் என்பான். ஒரு பாட்டில் என்ன பண்ணிவிடும் என்று குடித்தார். அவன் குடித்த அதே அளவுதான்.

பாட்டில் காலியாவதற்குள் கடை முதலாளி கூப்பிட்டார். வாசல் கண்ணாடி ஒன்று விட்டுப்போயிருந்தது. இன்றே மாட்டியாக வேண்டுமாம். அப்போதாவது நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம். கண் சொருகிக்கொண்டு வந்தது, வெயில் அசதி என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு எழுந்தார்.

கடைப் படியின் திருப்பத்தில் மச்சினன், "நில்லுங்க மாமா!" என்றான். காதில் விழுந்தது. ஆனால் அந்தச் சொல் காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் இன்னொரு அடி வைத்துவிட்டார். கண்ணாடி சுவரில் இடித்துப் பிளந்தது. அவர்மேல் சரிந்துவிடாமல் தாங்கப் பார்த்த மச்சினனின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். கட்டுப் போட்ட கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான் மச்சினன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அந்த பாட்டிலைப் புடுங்கி வீசியிருப்பேனே, மாமா. நான் என்ன அந்நியனா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மாத்திரையைத் தலையைச் சுற்றி எறிந்துவிடலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. டாக்டர் தடுத்தார். "மாத்திரையைத் திடீர்னு நிறுத்தாதீங்க. விட வேண்டியது குடியை." விட்டார்.

மச்சினனின் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. இப்போது அவன் ஒரு கண்ணாடிக் கடையில் ஆர்டர் எடுக்கிறான். "ஏசி காத்து, உக்காந்த வேலை, எல்லாம் மாமா புண்ணியம்" என்று வருகிறவர்களிடம் சிரிக்கிறான். காலையில் கிளம்பும்போது சட்டைப் பொத்தானை மட்டும் அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

அவன் வீட்டுக்குக் காலை வேளையில் போவதைக் கண்ணாடிக்காரர் நிறுத்திவிட்டார்.