ஊதினால் பறக்கும் அப்பளம்

திருநெல்வேலிக் கைவினைக் கண்காட்சியில், போட்டிக்காக நான் காகிதத்தில் கட்டிய கல்லிடைக்குறிச்சித் தெருவை மேசையில் வைத்திருந்தேன். வாசல் பாய்களில் காயும் அப்பளங்கள் எல்லாம், காகிதத்தில் துளை போடும் பஞ்சிங் மெஷினில் விழுந்த வட்டங்கள். ஒட்டினால் இயல்பாக இருக்காதென்று சும்மா பரப்பியிருந்தேன். அருகில் தும்மக்கூடாதென்று என் சின்ன மகளைக்கூட அதட்டியிருக்கிறேன்.

பார்க்க வந்த ஓர் அண்ணாச்சி, "ஒட்டிருக்கா?" என்று குனிந்து ஊதினார். அப்பளங்களில் பாதி தரைக்குப் போனது.

"பேப்பர்தானம்மா, இதுக்குப் போயி மொறைக்குதியே" என்று சிரிப்பு வேறு.

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒட்டாதது என் தப்போ என்றும் தோன்றியது. ஆனால் நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார்கள். என்னோடு வந்திருந்த மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஊதுனது நீங்கதான? நீங்களே பொறுக்குங்க, அண்ணாச்சி."

குரல் கூடிவிட்டதோ என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் மண்டியிட்டுப் பொறுக்கினார், மூச்சை அடக்கிக்கொண்டு.